காலராவின் விஷத்தைக் கண்டறிந்த கல்கத்தா டாக்டர்

காலரா என்ற பெயரைச் சொல்லவே ஒரு காலத்தில் மக்கள் பயந்தார்கள். வாந்திபேதி என்றார்கள், கக்கல் கழிச்சல் என்றார்கள். காலையில் வேலைக்குப் போன ஆள் மறுநாள் காலையில் உயிரோடு இருப்பான் என்ற நிச்சயம் கிடையாது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் ஆரம்பித்தால் அந்தத் தெரு முழுவதும் காலியாகும். ஊரைவிட்டு மக்கள் ஓடுவார்கள். திருவிழாவுக்குப் போகிறவர்கள் காலரா ஊசி போட்டுக்கொண்டு போன நாட்களை வயதானவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பேதியில் துவண்டு கிடக்கும் குழந்தை எழுந்து உட்காருகிறது. அந்தப் பொடி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அடிப்படையான உண்மையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர் பெயர் டாக்டர் சம்புநாத் டே.

உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் அவரை நோபல் பரிசுக்கு உரியவர் என்று கருதினார்கள். சொந்த நாட்டில் அவருக்கு ஒரு பெரிய விருதுகூடக் கிடைக்கவில்லை.

ஏழ்மையில் வளர்ந்த பிள்ளை

சம்புநாத் டே 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் தாசரதி டே சிறு வியாபாரி. வியாபாரத்தில் பெரிய வருமானம் இல்லை. பிள்ளையைப் படிக்க வைக்க அவரால் முடியவில்லை. சிற்றப்பா ஆசுதோஷ்தான் பையனின் படிப்பில் அக்கறை எடுத்துக்கொண்டார்.

பையன் ஏமாற்றவில்லை. கிராமத்துப் பள்ளியிலேயே மெட்ரிகுலேஷனில் சிறப்பாகத் தேறினான். உதவிச் சம்பளம் கிடைத்தது. ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் சேர்ந்தான். அங்கும் நல்ல மதிப்பெண். மறுபடியும் உதவிச் சம்பளம். அதை வைத்துக்கொண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்தான்.

கல்கத்தா போன்ற நகரத்தில் தங்கவும் சாப்பிடவும் பணம் வேண்டுமே! கேஷ்டோதன் சேட் என்ற செல்வந்தர் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார். ஒருவர் படிப்புக்கும் இன்னொருவர் சோற்றுக்கும் உதவியதால்தான் அந்தக் கிராமத்துப் பிள்ளை டாக்டராக முடிந்தது. 1939இல் எம்.பி. பட்டம் பெற்றார். 1942இல் வெப்ப மண்டல நோய்களுக்கான டிப்ளமாவும் பெற்றார்.

டாக்டர் பட்டம் வாங்கியவர் கிளினிக் திறந்து உட்கார்ந்திருந்தால் கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். டேயின் மனம் அதில் செல்லவில்லை. படித்த கல்லூரியிலேயே நோய்க்குறியியல் பிரிவில் சிறு வேலையில் சேர்ந்தார். நோய் உடம்பில் என்ன செய்கிறது என்பதை இறந்தவர்களின் உறுப்புகளையும் திசுக்களையும் பார்த்து ஆராயும் பிரிவு அது. பேராசிரியர் பி.பி. திரிவேதி அவருக்கு ஆராய்ச்சியில் வழிகாட்டினார். அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த எம்.என்.டே, இந்த இளைஞரின் அறிவையும் அடக்கத்தையும் பார்த்துத் தம் மகளையே அவருக்குத் திருமணம் செய்து கொடுத்தார்.

1947இல் டே லண்டனுக்குப் போனார். யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரூன் என்ற புகழ்பெற்ற நிபுணரிடம் ஆராய்ச்சி செய்தார். 1949இல் பி.எச்டி. பட்டம் பெற்றார். லண்டனில் இருந்தபோதே அவர் மனத்தில் ஒரு நோயைப் பற்றிய எண்ணம் ஊன்றியிருந்தது. அது காலரா.

காலராவின் தாய்வீடு

காலராவை ஆராயக் கல்கத்தாவைப் போன்ற இடம் உலகத்தில் வேறு இல்லை எனலாம். கங்கையின் கழிமுகப் பகுதிதான் அந்த நோயின் தாய்வீடு. 1817இல் ஜெஸ்ஸூரில் கிளம்பிய காலராதான் கடல் கடந்து பல நாடுகளுக்கும் பரவிய முதல் பெரும் கொள்ளை நோய். அதற்குப் பின் அது அலை அலையாக உலகத்தைச் சுற்றி வந்தது. லண்டனையும் விடவில்லை. அங்கே 1854இல் ஜான் ஸ்நோ என்ற டாக்டர், ஒரு தெருக்குழாயின் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்பதைக் கணக்கெடுத்து நிரூபித்தார்.

ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1883இல் எகிப்துக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். காற்புள்ளி போல வளைந்த ஒரு கிருமிதான் காலராவுக்குக் காரணம் என்று 1884இல் அறிவித்தார். அந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தை உண்டாக்குகிறது, அந்த விஷம்தான் ஆளைக் கொல்கிறது என்றும் அவர் ஊகித்தார்.

கிருமி தெரிந்துவிட்டது. விஷம் மட்டும் பிடிபடவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல; 75 ஆண்டுகள் உலகம் முழுவதும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

நோய் என்ன செய்கிறது?

இந்தத் தேடலின் அருமை புரிய வேண்டுமானால் நம் குடலின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் ஒரு நாளில் குடிப்பதும் சாப்பாட்டில் சேர்வதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர் வயிற்றுக்குள் போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே மேலும் 6, 7 லிட்டர் சுரந்து குடலுக்குள் விடுகிறது. ஆக மொத்தம் 8, 9 லிட்டர். இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது ஒரு தம்ளர் அளவுக்கும் குறைவு. கொடுப்பதும் வாங்குவதுமான இந்தக் கணக்கு நாள்தோறும் தவறாமல் நடக்கிறது. கூடவே, உணவை மெல்ல மெல்ல முன்னே தள்ளும் அசைவும் குடலுக்கு உண்டு.

காலரா வந்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்த நீர் குடலிலிருந்து கொட்டுகிறது. கடுமையான நோயில் மணிக்கு 1 லிட்டர் வரைகூடப் போகும். இரத்தத்திலுள்ள நீரும் உப்பும் வற்றிப் போகின்றன. கண் குழி விழுகிறது. தோல் சுருங்குகிறது. கை கால் இழுக்கிறது. நாடி அமுங்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையான நோயில் பாதிப் பேர் வரை இறந்துவிடுவார்கள்.

இது ஏன் நடக்கிறது? அந்தக் காலத்து டாக்டர்களில் பலர், குடலின் உள் தோல் பிய்ந்து உரிந்து போவதால்தான் நீர் வழிகிறது என்று நம்பினார்கள். இறந்தவர்களின் குடலை அறுத்துப் பார்த்தபோது உள் தோல் உரிந்திருந்தது. இறந்த பிறகு அது தானாகவே உரியும் என்பது அப்போது புரியவில்லை. வேறு சிலர் குடலின் ஓட்டத்தை அடக்கினால் போதும் என்று எண்ணி அபினைக் கொடுத்தார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த லியோனார்ட் ரோஜர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புநீரை இரத்தக் குழாயில் ஏற்றிப் பல உயிர்களைக் காப்பாற்றினார். ஆனால் இழந்த நீரை ஈடு கட்டலாம் என்பது தெரிந்ததே தவிர, நீர் ஏன் கொட்டுகிறது என்பது தெரியவில்லை.

தேடிய இடம் தவறு

டே 1949இல் தாயகம் திரும்பி, கல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் வேலையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரி வார்டில் காலரா நோயாளிகளுக்குக் குறைவே இல்லை. காலராவில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை முதலில் ஆராய்ந்தார். அதன் பிறகு குடலுக்கு வந்தார்.

அதுவரை ஆராய்ச்சியாளர்கள் செய்தது என்ன? காலரா கிருமியையோ அதன் சாற்றையோ எலி, முயல், கினி பன்றி முதலிய பிராணிகளின் இரத்தத்திலோ வயிற்றறையிலோ ஊசி மூலம் செலுத்தினார்கள். பிராணிகள் சில சமயம் செத்தன. ஆனால் காலரா போன்ற பேதி வரவில்லை. கிருமி செத்து உடைந்தால்தான் அதன் உடலுக்குள் இருக்கும் விஷம் வெளிவரும் என்ற கருத்து எல்லோருடைய மனத்திலும் வேரூன்றி இருந்தது.

டே மிகவும் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார். காலரா குடலின் நோய். மனிதனின் குடலுக்குள் மட்டுமே கிருமி வாழ்கிறது; இரத்தத்துக்குள் போவதில்லை. அப்படி இருக்கும்போது விஷத்தை இரத்தத்தில் செலுத்திச் சோதிப்பது எதற்கு? குடலுக்குள் அல்லவா செலுத்திப் பார்க்க வேண்டும்?

முயலின் குடலில்

இதற்காக டே செய்த சோதனைக்கு விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வளர்ந்த முயல் ஒன்றை மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தினார். வயிற்றைத் திறந்து சிறுகுடலில் சில அங்குல நீளத்துக்கு இரண்டு முனைகளிலும் பட்டு நூலால் கட்டினார். இப்போது அந்தத் துண்டு இருபுறமும் வாய் கட்டிய பை போல ஆகிவிட்டது. இரத்த ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பைக்குள் காலரா கிருமி வளர்ந்த நீரைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினார். அதே முயலின் குடலில் இன்னொரு துண்டையும் கட்டி, அதில் கிருமி இல்லாத நீரைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடினார்.

மறுநாள் திறந்து பார்த்தார். கிருமி இல்லாத துண்டு சுருங்கிக் காலியாகக் கிடந்தது. கிருமி போன துண்டு ஊதிப் பருத்து நீரால் நிறைந்திருந்தது. காலரா நோயாளியின் கழிச்சலைப் போன்ற அதே கழுநீர்!

டி.என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து இந்தச் சோதனையை டே 1953இல் வெளியிட்டார். இதே மாதிரியான ஒரு சோதனையை 1915இல் இரண்டு அயல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் செய்திருந்தார்கள். யாரும் அதைக் கவனிக்காமல் மறந்துவிட்டார்கள். டே பிறந்த ஆண்டில் புதைந்து போன வழியை, அது இருந்ததையே அறியாமல் டே தாமாகவே கண்டு வெட்டித் திறந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலி என்ற வேறொரு கிருமியையும் அதே முயல் குடலில் சோதித்தார். அதில் சில வகைகளும் காலராவைப் போலவே குடலில் நீரை நிரப்பின. இதை 1956இல் வெளியிட்டார். ஈ.கோலி எல்லோருடைய குடலிலும் இருக்கும் சாதாரணக் கிருமி. அதில் சில வகைகள் விஷம் சுரந்து பேதியை உண்டாக்குகின்றன என்பது பின்னால் உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வரும் பேதிக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1959: விஷம் அகப்பட்டது

1955இல் டே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் பிரிவின் தலைவரானார். உதவிச் சம்பளத்தில் படித்த அதே கல்லூரி.

இன்னும் ஒரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. குடலில் நீரை வரவழைப்பது உயிருள்ள கிருமியா, அல்லது கிருமி வெளியே விடும் ஏதாவது பொருளா? டே, கிருமி வளர்ந்த நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். ஒரு கிருமிகூட இல்லாத தெளிந்த நீர் கிடைத்தது. அதை முயல் குடலில் செலுத்தினார். மறுநாள் குடல் நிறையக் கழுநீர்.

காக் 1884இல் ஊகித்த விஷம் இதுதான். கிருமி செத்து உடையும்போது வருவதல்ல. உயிரோடு இருக்கும்போதே வெளியே விடுவது. இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவிக் கொல்வதுமல்ல. குடலின் உள் தோலைத் தொட்டு நீரை இறைக்கச் செய்வது.

இதை டே ஒரு சிறிய கட்டுரையாக எழுதினார். இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் 1959 மே 30ஆம் தேதி அது வெளியாயிற்று. அவர் ஒருவர் பெயர் மட்டுமே அதில் இருந்தது. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தா தம் சகாக்களுடன் முயல் குட்டிகளில் செய்த சோதனைகளும் அதே 1959இல் அதே முடிவைக் காட்டின. 75 ஆண்டுகளாக மேல்நாடுகள் தேடியது ஒரே ஆண்டில் இரண்டு இந்திய நகரங்களில் அகப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த விஷம் எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால் விளக்கமாயிற்று. விஷத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி குடல் செல்லைப் பிடித்துக்கொள்கிறது. மற்றொன்று உள்ளே நுழைந்து, செல்லின் உள்ளே இருக்கும் ஒரு விசையை அணையாமல் போட்டுவிடுகிறது. குழாயைத் திறந்து திருகைப் பிடுங்கி எறிந்த மாதிரி. உப்பு வெளியே ஓடுகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. குடல் வேகமாக அசைவது மூலகாரணம் அல்ல. ஆகவே அசைவை அடக்கும் அபினால் பயன் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

உப்பும் சர்க்கரையும்

டேயின் கண்டுபிடிப்பில் இன்னொரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. குடல் பிய்ந்து போகவில்லை என்றால், அது நல்ல நிலையில்தான் இருக்கிறது. 1960இல் பாங்காக்கில் உயிரோடு இருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த டாக்டர்களும் உள் தோல் உரியவில்லை என்று உறுதி செய்தார்கள். அப்படியானால் நீரை இறைக்கும் அதே குடலால் நீரை உறிஞ்சவும் முடியும். சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே 1960இல் எடுத்துரைத்தார். உப்பு போனால் நீரும் கூடவே போகும்.

கல்கத்தாவிலேயே ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற வேறொரு டாக்டர், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தி, 1953இலேயே எழுதியிருந்தார். டே முயல் குடலில் கண்டதை எழுதிய அதே ஆண்டு. நோயின் காரணத்தை ஒருவரும் மருந்தை ஒருவரும் ஒரே ஊரில் கையில் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கு இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

1968இல் டாக்காவில் இந்தச் சிகிச்சை முறையாகச் சோதிக்கப்பட்டது. 1971இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில்கள் போதவில்லை. பொங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனோபிஸ், உப்பும் சோடாவும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே முகந்து முகந்து கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு அந்தப் பொட்டலம் உலகம் முழுவதும் போனது. கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்தது.

மறந்து போன மனிதர்

இவ்வளவுக்கும் அடிப்படை போட்ட டேயின் நிலை என்ன? 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பிய புது வகைக் காலரா நாடு நாடாகப் பரவி, 1964இல் இந்தியாவுக்கும் வந்தது. மேல்நாட்டுப் பணமும் ஆட்களும் காலரா ஆராய்ச்சியில் இறங்கினார்கள். டேயின் முயல் குடல் சோதனையை உலகத்தின் ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன. டேயை யாரும் தேடி வரவில்லை.

விஷத்தைக் கலப்பில்லாமல் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு வேண்டிய கருவிகளும் வசதிகளும் கல்கத்தாவில் அவருக்குக் கிடைக்கவில்லை. 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பல்லுட்டோ என்ற இருவர் அதைச் செய்து முடித்தார்கள். கண்டவர் ஒருவர், கைக்கொண்டவர் வேறொருவர் என்றாயிற்று.

டே அலட்டிக்கொள்ளும் மனிதர் அல்லர். மேடை ஏறித் தம் பெருமையைப் பேசவில்லை. டில்லிக்குக் காவடி எடுக்கவில்லை. மாணவர்களுக்குப் பாடம் சொன்னார், ஆராய்ச்சி செய்தார். 1973இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அதற்கு மேல் பெரிய பதவி எதையும் அவர் நாடவில்லை.

ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வந்தது. நோபல் நிறுவனம் 1978இல் ஸ்வீடனில் காலராவும் அதைச் சார்ந்த பேதி நோய்களும் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதில் பேச டேயை அழைத்தார்கள். அவர் முறையைப் பயன்படுத்தி வளர்ந்த விஞ்ஞானிகள் அங்கே அவரை நேரில் கண்டார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ச்சி உலகத்தில் தாம் இறந்துவிட்டதாக எண்ணியிருந்ததாகவும், அந்த அழைப்புதான் தம்மை மீண்டும் வெளியே எடுத்தது என்றும் அவர் அங்கே கூறினார். அதில் கசப்பும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது.

கிருமிகளின் மரபு பற்றிய ஆராய்ச்சிக்காக 1958இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபல் பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. அது போகட்டும். நம் நாட்டு விஞ்ஞான அகாடமிகளில் ஒன்றாவது அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததா என்றால், இல்லை. பெரிய தேசிய விருது ஒன்றாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை.

1985 ஏப்ரல் 15ஆம் தேதி டாக்டர் சம்புநாத் டே காலமானார். அவருக்கு வயது 70.

பெங்களூர் செய்த மரியாதை

இறந்த பிறகு மெல்ல நினைவு வந்தது. எந்த ஆராய்ச்சியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் துறையை உருவாக்கிய அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்டு, 1986இல் டேயின் பணியைப் பற்றி விரிவாக எழுதினார். காலரா ஆராய்ச்சியின் பாதையில் டேயின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரை எவ்வளவு முக்கியமானது என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டில் அந்தக் கடனைத் தீர்த்தது கல்கத்தா அல்ல, டில்லி அல்ல, பெங்களூர். 1932 முதல் இங்கிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் என்ற விஞ்ஞானப் பத்திரிகை, 1990இல் டேயின் நினைவாக ஒரு சிறப்பிதழையே வெளியிட்டது. வெளிநாட்டு அறிஞர்களும் அதில் எழுதினார்கள். லெடர்பெர்க்கும் எழுதினார். டேயின் வாழ்க்கையைப் பற்றி இன்று நாட்டுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இதழின் மூலம் பரவியதுதான். உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதை, இறந்து 5 ஆண்டு கழித்து, அவர் வேலை பார்க்காத ஓர் ஊரிலிருந்து கிடைத்தது.

நோய் போய்விடவில்லை

காலரா பழங்கதை ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 1992இல் சென்னையில் அதுவரை காணாத ஒரு புது வகைக் காலரா தலைகாட்டி, வங்காளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் நகரங்களில், லாரித் தண்ணீரையும் ஆழ்குழாய் நீரையும் நம்பி வாழும் குடியிருப்புகளில், ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் தொழிலாளர் விடுதிகளில், பேதி நோய்கள் கோடையிலும் மழைக் காலத்திலும் இன்றும் வருகின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் முதல் காவல்.

அப்படியும் பேதி கண்டால் பொட்டலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். அளவு மீறி உப்புப் போடக்கூடாது. ஒவ்வொரு முறை பேதியானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் சிறிது பொறுத்துத் தேக்கரண்டியால் கொடுக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குடல் ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது. கழிச்சல் கழுநீர் போல ஓயாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, ஆள் சோர்ந்து மயங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இந்த உப்புச் சர்க்கரை நீரைக் கொடுக்கும் தாய்மாருக்குச் சம்புநாத் டே என்ற பெயர் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவர் கேட்டதும் இல்லை. உதவிச் சம்பளத்தில் படித்த ஒரு கிராமத்துப் பிள்ளை, ஒரு முயலையும் இரண்டு முழம் பட்டு நூலையும் வைத்துக்கொண்டு, உலகம் 75 ஆண்டுகள் தேடிய விடையைச் சரியான இடத்தில் தேடிக் கண்டுபிடித்தார். குடலில் உள்ள நோயைக் குடலிலேயே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு எண்ணத்தால் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.